மேலே தெரியும் இரண்டு வரி

பொன்னேரியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. மீனவர்களின் செல்போனுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் 'கடல்துணை' ஆப் அவர்களுடையது. அதற்குத் தமிழில் வாசகம் எழுத வைத்த ஆள் சத்யா. பழவேற்காட்டுப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா பச்சைமுத்து இன்றைக்கும் பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். எழுத வைத்தார்கள் என்றுதான் பேர். அவள் எழுதியதில் ஒரு வரியாவது உருப்படியாக வெளியே போனதா என்றால், அதுதான் இல்லை.

மேனேஜர் ராகுலுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் ஓரத்தில் சுண்டல் விற்பார்கள் என்பது மட்டும். ஆனால் மரியாதை விஷயத்தில் ஐயா மகா கெட்டி. 'உள்ள வராதீங்க. முகத்துவாரத்துல அலை உடையுது' என்று சத்யா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, கெட்டுப்போன மீனை மோந்தவன் மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"என்ன சத்யா இது, சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கு? நம்ம பிராண்டுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

கௌரவத்தை அவனே உட்கார்ந்து தட்டினான். 'மதிப்பிற்குரிய மீனவப் பெருமக்களுக்கு எமது நிறுவனத்தின் பணிவான வணக்கங்கள். தற்போது நிலவும் பாதகமான கடல்சார் சூழ்நிலைகளைக் கருத்தில் கொண்டு...' என்று போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது வரியில்தான் முகத்துவாரம் வந்தது. அலை கடைசி வரை வரவேயில்லை.

"சார், எங்க ஊர்ல கடலுக்குப் போறப்ப போனை பாலிதீன் கவர்ல போட்டு, ரப்பர் பேண்டு சுத்தி மடியில சொருகிக்குவாங்க" என்றாள் சத்யா. "ஈரக் கையோட கவரைப் பிரிக்க மாட்டாங்க. போன் அதிர்ந்துச்சுன்னா கவர் மேலயே பார்ப்பாங்க. மேல ரெண்டு வரிதான் தெரியும். அதுல வணக்கத்தப் போட்டா இன்னா சார் பிரயோஜனம்?"

"ஸ்க்ரோல் பண்ணக் கத்துக்கட்டும்" என்றான் ராகுல். நடுக்கடலில் வலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டுமாம்! போன பொங்கலுக்கு இதே ஆப்பில் மூன்று தடவை வாழ்த்து அனுப்பியும் அவனுக்கு ஆசை அடங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் அலை பார்த்துச் சொல்லக் கம்பெனி நிறுத்தி வைத்திருந்த அஜித்குமார் போன் செய்தான்.

"அக்கா, ஆத்து மொகத்துல ஆளுயரம் அலை உடையுது. எட்டு படகு வெளில கீது. உங்க நைனா படகும்தான்."

சத்யா எச்சரிக்கைப் பொத்தானை அமுக்கினாள். எட்டு படகுக்கும் ராகுல் எழுதி வைத்த பணிவான வணக்கங்கள் பறந்தன. அப்பாவுக்கு நேராகவே போன் அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இன்ஜின் சத்தத்தில் யார் காதில் விழும்? மடியில் அதிர்வது மட்டும் தெரியும். எடுத்துப் பார்ப்பார், வணக்கத்தைப் படிப்பார், திரும்பச் சொருகிக்கொண்டு நேராக அலைக்குள் வருவார்.

ராகுலிடம் ஓடினாள். வேறு யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன் போனைக் கையால் பொத்தினான்.

"வாசகத்தை மாத்த அப்ரூவல் வேணும் சத்யா. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பேசலாம்."

வெள்ளிக்கிழமையாம்! அதுவரைக்கும் அலை கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? சீ, இவனிடம் வந்து கேட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. சீட்டுக்குத் திரும்பி வந்து, யாரையும் கேட்காமல் தட்டினாள்.

'உள்ள வராதீங்க. முகத்துவாரத்துல அலை உடையுது. கடல்பக்கமே குப்பத்துக் கரையில ஏத்துங்க.'

அனுப்பினாள். அரைமணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனாலும் போகட்டும், நைனா வந்துவிட வேண்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் போன் வந்தது. பச்சைமுத்துவின் குரல்.

"ஏம்மா, கரைல ஏத்திட்டோம். மொதல்ல உங்க கம்பெனிக்காரன் வணக்கம் போட்டான். பொங்கலுக்குப் போட்டானே, அத்த மாதிரி இன்னொண்ணுனு சொருகிட்டேன். ஆத்து மொகத்துக்குத்தான் வந்துனு இருந்தோம். மறுபடி அதிர்ந்துச்சு. பார்த்தா ஒரே அதட்டல். யாரோ நம்ம ஊட்டு ஆளுதான் கத்துதுனு படகைத் திருப்பிட்டேன். மத்தவங்களும் திருப்பிட்டாங்க."

சத்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் ராகுலிடமிருந்து மெயில் வந்திருந்தது. அனுமதியின்றி வாசகத்தை மாற்றியதற்கு உரிய மரியாதையுடன் எழுத்துப்பூர்வ விளக்கம் தர வேண்டுமாம். ஐந்து பத்தி எழுதியிருந்தான். கடலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

அவள் இரண்டே வரியில் பதில் போட்டாள்.

'எட்டு படகும் கரை ஏறிடுச்சு. ஆளுங்க எல்லாரும் பத்திரம்.
வணக்கம்.'