எடைமேடை நாற்காலி

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் கல் உடைக்கும் கிரஷர் யார்டில் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஜல்லி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளிக்கொண்டிருந்த அவளுக்கு அந்தச் சத்தம் வயிற்றில் பால் வார்த்தது. எடைமேடையின் லினக்ஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதிலிருந்து எடைக் கணக்கு ஆபீசுக்குப் போகாவிட்டால் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது.

முன்பு அதன் எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். தம்பியைக் கூடமாட வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஆபீசோடு தொடர்பு அடிக்கடி அறுந்தபோது, "அக்கா எதையோ நோண்டிட்டா சார்" என்று அவன் மேனேஜரிடம் சொன்னான். நாற்காலி அவனுக்குப் போனது, மண்வெட்டி அவளுக்கு வந்தது. வீட்டில் அம்மா ஒரே சட்டியிலிருந்து இருவருக்கும் சோறு போட்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் தின்றுவிட்டு எழுவாள்.

தம்பி மூச்சிரைக்க வந்தான்.

"அக்கா, நெட்வொர்க் வரல. கொஞ்சம் வந்து பாரு."

"பெரிய மனுஷன் நீ இருக்கும்போது நான் எதுக்கு?"

"மேனேஜர் கத்துறாரு."

"கத்தட்டும். தொண்ட அவரோடதுதானே."

பின்னாலேயே மேனேஜரும் வந்து, "வாம்மா, வந்து பாரு" என்றதும்தான் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்தாள்.

கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் 'ஆஃப் பண்ணாதே' என்று எழுதி ஒட்டியிருந்தது. தம்பியின் மொத்த வித்தையும் அவ்வளவுதான். எப்படியோ ஒரு தடவை தொடர்பு கிடைத்ததும் பேட்டரியைக் கட்டிவிட்டு, பெட்டியை அணைக்காமலே காலத்தை ஓட்டியிருக்கிறான். இன்று பேட்டரியும் கைவிட்டது.

கேபிளின் பச்சை விளக்கு எரிந்தது. நெட்வொர்க் கார்டும் உயிரோடுதான் இருந்தது. ஆபீசோடு பேசத் தேவையான நெட்வொர்க் முகவரி மட்டும் இல்லை. பெட்டி எழும்போதே கார்டு ஆபீசிடம் கேட்டு முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கென்று அவள் வைத்த புரோகிராம் வேலை செய்துகொண்டிருந்தது. கூடவே அவள் வைக்காத இன்னொன்றும் ஓடியது. ஒன்று வாங்கிய முகவரியை மற்றது அழித்தது. ஒரே ஸ்டியரிங்கை இரண்டு டிரைவர் பிடித்த கதை.

"இத யாரு போட்டது?"

"நான்தான். ஐகான் பாக்க அழகா இருந்துச்சு."

"எப்ப? நான் இங்க உக்காந்திருக்கும்போதா?"

அவன் பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தைச் சுரண்டினான். மேனேஜர் வாசலில் நின்று டிரைவர்களை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

அவள் முகவரியைக் கையாலேயே அடித்துக் கொடுத்தாள். எடை ஆபீசுக்குப் போனது, முதல் லாரி நகர்ந்தது. தம்பிக்கு உடனே நாக்கு முளைத்தது.

"சின்ன மேட்டர்தான் சார். அக்கா இல்லன்னாலும் நானே பண்ணியிருப்பேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"அப்ப ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க சார். திரும்பக் கரண்ட் போனா என்ன பண்றது?"

"அதுவும் சரிதான். போடுடா" என்றார் மேனேஜர்.

தம்பியின் முகம் வெளுத்தது. கையால் கொடுத்த முகவரி பெட்டி அணைந்தால் போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும். அணைத்துப் போட்டான். பெட்டி எழுந்தது, முகவரி வரவில்லை. அடுத்த லாரி மேடைமேலேயே நின்றது.

"சரி பண்ணுடா. நீதானே பண்ணியிருப்பேன்ன?" என்றார் மேனேஜர்.

அவன் கீபோர்டையே வெறித்தான். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, "அக்கா, மானத்த வாங்காத. அம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்றான்.

"என் மானம் போனப்ப அம்மா ஊர்ல இல்லையா?"

மேனேஜர் பக்கம் திரும்பினாள். ஒரே கார்டுக்கு இரண்டு புரோகிராம் அடித்துக்கொள்வதையும், இரண்டாவதை அவள் அங்கே இருந்தபோதே கொண்டுவந்து போட்டது யார் என்பதையும் சொன்னாள். மேனேஜர் தம்பியைப் பார்த்தார். அவன் தலை நிமிரவில்லை.

"உன்னால சரி பண்ண முடியுமாம்மா?"

"முடியும். ஆனா பெல்ட்டடியில ஜல்லி குமியுது சார். அங்க ஆள் வேணும்."

மேனேஜருக்குப் புரிந்தது. கையை நீட்டிக் காட்டினார். தம்பி எழுந்தான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் போட்ட புரோகிராமை இனி எழவே விடாதபடி முடக்கும் கட்டளையை அடித்துவிட்டு, விரலை என்டர் கீயின்மேல் வைத்தாள். ஹாரன் காதைப் பிளந்தது.

"தட்டும்மா, ஏன் நிறுத்திட்ட?"

"இருங்க சார். பொறுத்ததுதான் பொறுத்தீங்க."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் யார்டைக் கடந்து, தூசுக்குள் குனிந்து, முதல் மண்வெட்டி ஜல்லியை அள்ளினான். அதன்பிறகுதான் தட்டினாள்.