நாலாவது ப்ளக்

விடிவதற்கு முன்பே லாரி பட்டறைக்குள் வந்து நின்றுவிட்டது. இரவு முழுக்க ஓடிய எஞ்சின். மூடியைத் தூக்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. கேஸில் ஓடும் வண்டி, தீப்பொறி தர ஆறு ப்ளக். ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கை வைத்தான் நிதானம். மூன்று சொன்னபடி கேட்டு வெளியே வந்தன. நாலாவது பிடித்துக்கொண்டது.

நிதானம் என்பது முதலாளி கேலிக்கு வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது. ப்ளக் உட்கார்ந்திருந்த குழிக்குள் எண்ணெய் விட்டான். கால் சுற்றுத் தளர்த்தினான், கிரீச்சென்றது. உடனே மறுபடி இறுக்கினான். பிடித்த ப்ளக்கை அப்படித்தான் எடுக்க வேண்டும். மரைக்குள் அடைந்த கரி எண்ணெயில் ஊறி இளகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேலைதான். இருபது வருடம் பட்டறை நடத்திய முதலாளிக்கு மட்டும் இது ஏறவே இல்லை. சும்மா நிற்கிற கையைக் கண்டால், தன் தட்டுச் சோற்றை யாரோ அள்ளுவதுபோல் அவருக்கு வயிறு எரியும்.

மூன்று நாளைக்கு முன்னால் இதே இடத்தில், நிதானத்தின் தங்கை புருஷன் கையில் ஒரு ப்ளக் உடைந்தது. பீங்கான் துண்டு குழிக்குள் கிடந்தது. "மெதுவா உறிஞ்சி எடுத்துடுறேன் முதலாளி" என்றான் அவன். "காத்த விட்டு ஊதுடா, அதுக்குத் தாலாட்டா பாடணும்?" என்றார் அவர். ஊதினான். துண்டு இடது கண்ணில் பாய்ந்தது. பட்டறைக்கென்று இருந்த ஒரே பாதுகாப்புக் கண்ணாடி, சோதனைக்கு வரும் அதிகாரிகளிடம் காட்டுவதற்காக ஆபீஸ் அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. அவன் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

முதலாளி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு தாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடு."

கண்ணாடி கொடுத்தும் போடாமல், தடுத்தும் கேட்காமல், அவனாகவே காற்றை விட்டான் என்று எழுதியிருந்தது. அன்று பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றவன் நிதானம். இவன் சாட்சி சொல்லிவிட்டால் வைத்தியச் செலவு முதலாளியின் தலையில் விழாது.

"நீங்கதானே ஊதச் சொன்னீங்க?"

"போட மாட்டியா? அப்ப நீயும் மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து விசிறு. ரெண்டு வீட்டு அடுப்புலயும் பூனை தூங்கட்டும்."

நிதானத்துக்குத் தங்கையின் முகம் ஒரு பக்கம், தன் பிள்ளைகள் மறுபக்கம். "கையெல்லாம் எண்ணெய்" என்று முனகினான்.

"துடைச்சிட்டுப் போடு. அதுக்குள்ள நான் இதைக் கழட்டுறேன். எட்டு மணிக்கு வண்டி கெளம்பணும்." தாளையும் பேனாவையும் பம்பர்மேல் வைத்தார்.

"இன்னும் ஊறணும் முதலாளி."

"ஊறுகாயா போடுறே?"

முதலாளி ஸ்பேனர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, தொப்பை குலுங்கத் தொங்கினார். டக்கென்று ப்ளக் முறிந்து பீங்கான் குழிக்குள் சிதறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "மட்டமான ப்ளக்கு" என்றார் அவர்.

"டேய், காத்த விட்டு ஊது!"

வெல்டர் தன் பூட்ஸைப் பார்த்தான். டயர்காரர் டயரைத் தடவினார். லாரி டிரைவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதுல என்ன பஞ்சா? தள்ளுங்கடா, நானே ஊதுறேன்."

காற்றுக் குழாயை எடுத்துக் குழியில் வைத்தார். பொத்தானை அழுத்துமுன் அவருடைய இடது கை தானாக எழுந்து இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டது. கழுத்து பின்பக்கம் திரும்பிக்கொண்டது. காற்று சீறியது, பீங்கான் துண்டு தகரக் கூரையில் டிங்கென்று மோதி விழுந்தது.

வண்டி கழுவும் அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"கண்ணுக்குத்தான் வரும்னு. உங்க கை தானா போய்ப் பொத்திக்கிச்சே. அவன ஊதச் சொன்னப்ப மட்டும் தெரியலையா?"

"அது... தூசிக்கு..." என்று இழுத்தார் முதலாளி.

நிதானம் அந்த முகத்தைப் பார்த்தான். இந்த ஆளுக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. பம்பர்மேல் இருந்த தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினான். அன்று யார் என்ன சொன்னார், கண்ணாடி எங்கே இருந்தது, எல்லாவற்றையும் கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டான். வெல்டர் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தையும் போட்டான். எழுதத் தெரியாத டயர்காரர் பெருவிரலைப் பதித்தார். விரலில் இருந்த கரியே மையாயிற்று. அக்கா தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

"டிரைவர், நீயாவது சொல்லுய்யா! உன் சரக்கு நிக்குதே?"

"நிக்கட்டும் முதலாளி. இப்ப நீங்க ஊதினத நானும் பார்த்தேன்." டிரைவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் வெளிய போங்கடா! நாய் மாதிரி திரும்பி வருவீங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, அங்கிருந்து லேபர் ஆபீஸ் போறோம்" என்றான் நிதானம், தாளை மடித்தபடி. வேலை இருக்குமா, கண் திரும்புமா, அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் நடந்தான்.

வாசலைத் தாண்டும்போது முதலாளியின் குரல் இறங்கி வந்தது. "ஏய், பாதி ப்ளக் உள்ளேயே நிக்குதே. யாருடா எடுப்பா?"

"நாங்கதான். அஞ்சு பேரும் சேர்ந்து திரும்பி வந்தா எடுப்போம்" என்றான் நிதானம்.

"அஞ்சா? நாலு பேர்தானடா போறீங்க?"

"ஆஸ்பத்திரியில ஒருத்தன் கிடக்கானே, அஞ்சுதான்" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.