கிளேபாங் போய்வர ஓர் உடுப்பு

சிவகாமசுந்தரி காலை அகட்டி அகட்டி வைத்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் ருக்மணி. வாசலில் கிடந்த விறகை ஒதுக்கி வழிவிட்டாள்.

"எதுவரைக்கும் போனீங்க அண்ணி?"

"பாலத்தைக்கூடத் தாண்டல."

உள்ளே போன சிவகாமி சுவரில் சாய்ந்து புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டாள். தொடை இரண்டும் உரசும் இடம் தோலுரித்த கோழிபோலச் சிவந்திருந்தது. ருக்மணி தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள். "தொடாதே, தள்ளி வை" என்று சீறினாள் சிவகாமி. பிறகு தானே எடுத்துத் தடவிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

அவள் புருஷன் தம்பிராஜா நகராட்சியில் கொசு எண்ணெய் அடிக்கிறவனாக இருந்தான். முதுகில் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு, லோங்காங் லோங்காங்காக, சாக்கடை ஓரமாகவே நடந்து, தேங்கிய தண்ணீரில் எண்ணெய் பீய்ச்சுகிற வேலை. மாசி மாதம் ஒருநாள் வேலையிலிருந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காஜா பெராங்கில் வேலையாட்களின் லயத்தில் அவர்கள் இருந்த அறை வேலையோடு வந்தது. வேலை போனால் அறையும் போகும். அறை போனால் அவளுக்கும், அவளை நம்பி இருக்கும் புருஷனின் தங்கை ருக்மணிக்கும் தெருதான்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சுப்பையன் வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"துரை ஒத்துக்கிட்டார், தங்கச்சி. புருஷன் வேலையைப் பொண்டாட்டிக்குக் குடுக்கலாம்னு. ஆனா திங்கக்கிழமை அவரே கூட வந்து பார்ப்பாராம். இங்கேருந்து கிளேபாங் கடற்கரை வரைக்கும் போயித் திரும்பணும். டின்னோட. நடுவுல எங்கேயாவது உக்காந்தா அதோட சரி." அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தான். "உன் ஒடம்புக்கு ஏன் இந்த வேலை? எம் மச்சான் சும்மாத்தான் இருக்கான். நீ வேணாம்னு சொல்லிட்டா கௌரவமா முடிஞ்சிரும்."

"நான் வேணாம்னு சொல்லலையே, அண்ணே."

"சுதந்திரம் வருது. துரை ஆகஸ்டுல கப்பலேறிடுவார். அடுத்து வர்றவன் யாரு எவருன்னு தெரியாது. யோசிச்சுக்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. தோட்டத்தில் இருந்தபோது ஆண்களுக்குச் சமமாக மண் வெட்டியவள் அவள். ரப்பர் கட்டையைத் தோளில் வைத்து லாரியில் ஏற்றியவள். நின்ற இடத்தில் செய்கிற எந்த வேலைக்கும் அவள் உடம்பு முகம் சுளித்ததில்லை. தொடர்ந்து நடப்பதுதான் ஆகவில்லை. மூச்சு வாங்கியதால் அல்ல, துணியால். திங்களுக்கு முன் பழகிக்கொள்ள, புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டி நடந்து பார்த்தாள். கொஞ்ச தூரத்திலேயே மடிப்பு கயிறாகத் திரிந்து அறுத்தது. பாவாடையோடு போனாள்; வியர்வையில் தொடையும் தொடையும் ஒட்டிப் பிய்ந்தன. கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்துச் சுற்றினாள், அது உப்புத்தாள். தம்பிராஜாவின் காக்கிச் சிலுவாருக்குள் காலை விட்டுப் பார்த்தாள், இடுப்புக்கே ஏறவில்லை.

சனிக்கிழமை அந்தச் சிலுவாரைச் சுருட்டிக்கொண்டு எந்தக் காலத்திலோ இங்கே வந்து குடியேறிய செட்டிகள் வாழும் செட்டிக் கம்பத்துக்குப் போனாள். அங்கே கண்ணம்மா பாஜூச் சட்டை தைத்துப் பிழைப்பவள். பேர் தமிழ், சாமி தமிழ்ச் சாமி. பேச்சு மட்டும் மலாய். சிவகாமிக்குச் சந்தை மலாய் வரும். ஆனாலும் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் பாவாடையை ஓரமாகத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயோ, மீன் வெட்டுற பலகையாட்டம் ஆக்கி வச்சிருக்கியே!" என்றாள் கண்ணம்மா மலாயில். "எங்க மாமியா உன்னைவிடப் பெருசு. கோயிலைச் சுத்திட்டு வந்து வீட்டையே திட்டித் தீர்க்கும்."

"அவங்க என்ன உடுத்துனாங்க?"

"உடுத்தி என்ன? நடக்கிறதையே விட்டுடுச்சு."

சிவகாமிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணம்மா காக்கிச் சிலுவாரை உள்பக்கம் வெளியே புரட்டி, கவட்டில் நாலு தையலும் வந்து கூடும் முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "கடிக்கிறது இதுதான். பாஜூவுக்கு அக்குள்ல சதுரமா ஒரு துண்டு வச்சுத் தைப்போம், கை தூக்கினா இழுக்கக் கூடாதுன்னு. அதையே இங்கே பெருசா வச்சா தையல் முன்னாலயும் பின்னாலயும் ஒதுங்கிடும். தொடைக்கு நடுவுல வெறும் துணிதான் இருக்கும். முட்டிவரைக்கும் நீளம் வேணும், இல்லாட்டி சுருண்டு ஏறும். புதுத்துணி கொண்டுவராதே. துவைச்சுத் துவைச்சுக் கிழியப் போறதாப் பார்த்து எடுத்துட்டு வா."

கிழியப் போகிற துணி வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

"அண்ணன் வேட்டியையா வெட்டப் போறீங்க?" ருக்மணி வேட்டியை இழுத்துப் பிடித்தாள். "அதுவும் கவட்டுக்கு?"

"உங்கண்ணன் இருந்தா அவரே கத்தரியை எடுத்துக் குடுத்திருப்பாரு."

"இருந்திருந்தா வெட்ட வேண்டியதே வந்திருக்காது." ருக்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்ணம்மா தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஞாயிறு காலையில் சிவகாமி பாலத்தைத் தாண்டினாள். அதற்கப்பாலும் போனாள். புடவைக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பழைய புண் காந்தியது, புதுப்புண் வரவில்லை. திரும்பி வந்து சிலுவாரை அலசக் கழற்றிப் போட்டுவிட்டு, பல நாளைக்குப் பிறகு பகலில் தூங்கினாள்.

திங்கள் விடியலில் அதை எடுக்கக் கொடிக்குக் கை நீட்டினாள். கைக்கு அகப்பட்டது அட்டை. வெள்ளை வெளேரென்று, நீலம் போட்டு, மடித்த மடிப்பில் விறைத்து நின்றது.

"யாரு கஞ்சி போட்டது?"

ருக்மணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் சமாதானம் தெரிந்தது. "நான்தான் அண்ணி. கோவத்துல பேசிட்டேன். அண்ணன் வேட்டி எதையும் நான் கஞ்சி இல்லாமக் காயப்போட்டதில்ல. துரை முன்னால போறீங்க, அதான் நல்லாக் கெட்டியா..."

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் தண்டல் மணி அடித்துக்கொண்டிருந்தது. சிவகாமி அதைக் கையில் வைத்துக் கசக்கினாள். மளமளவென்று ஒலித்ததே தவிர இளகவில்லை. அதையே போட்டுக்கொண்டு ஓடினாள்.

துரை ஒல்லியான ஆள், தொப்பியும் கைத்தடியும். முன்னால் ஆண்கள் நாலைந்து பேர், நடுவில் அவள், பின்னால் துரையும் சுப்பையனும். டின்னின் வார் தோளில் இறங்கியது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கீழே தேங்காய்த் துருவி போலச் செதுக்கியது. வியர்த்தால் இளகும் என்று நினைத்தாள். வியர்த்தது. கஞ்சி பசையாகித் துணியைப் புண்ணோடு ஒட்டியது. காலை எடுத்து வைக்கும்போது ஒட்டியது பிய்ந்தது.

"என்ன தங்கச்சி, நடை மாறுதே?" என்றான் சுப்பையன் தமிழில், துரைக்குப் புரியாதபடி. "அந்த மரத்து நிழல்ல ஒக்காரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் எண்ணெயைப் பீய்ச்சினாள். அடுத்த மதகுக்குப் போனாள். பீய்ச்சினாள். கண்ணில் நீர் வந்தது எண்ணெய் வாடையால் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கிளேபாங் போகும் வழியில் வயலிலிருந்து ஓடிவரும் வாய்க்கால் ஒன்று குறுக்கிட்டது. ஓடுகிற தண்ணீர், எண்ணெய் அடிக்கத் தேவையில்லாதது. ஆண்கள் பலகையில் ஏறிக் கடந்தார்கள். பலகைக்கு வந்த சிவகாமி நின்றாள். இப்படியே இன்னொரு ஃபர்லாங் போக முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. டின்னைக் கழற்றாமலே கரையில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள்.

"துவான்! அவ்வளவுதான், முடியாமப் போச்சு அவளுக்கு, உக்காந்துட்டா!" சுப்பையன் துரையைப் பார்த்து மலாயில் கத்தினான்.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தண்ணீருக்குள் கையை விட்டு, புடவைக்குக் கீழே துணியைக் கசக்கினாள். வெள்ளையாகக் கலங்கல் மிதந்து போனது. கசக்கினாள், அலசினாள், மறுபடி கசக்கினாள். ஒருவன் சீட்டியடித்தான்.

துரை கரைக்கு வந்தார். "ஏன் இறங்கினாய்?" என்று மலாயில் கேட்டார்.

"ஒடம்பு முடியல, துவான்..." சுப்பையன் தொடங்கினான்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, துவான்." அவளும் மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் உக்காரல, நிக்கிறேன். எனக்குத் தொடை பெருசு. நடந்தா உரசும். அதுக்காக உள்ள சிலுவார் தச்சுப் போட்டிருக்கேன். வீட்டுல அதுக்குக் கஞ்சி போட்டுட்டாங்க, அது அறுக்குது. கஞ்சியைக் கழுவுறேன். கழுவிட்டு நடப்பேன்."

சீட்டியடித்தவன் நிறுத்திவிட்டான். சுப்பையன் தரையைப் பார்த்தான். இந்த வார்த்தைகளை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. முகம் எரிந்தது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் சுப்பையன் சொன்னது உண்மையாகிவிடும்.

துரை தண்ணீரில் போகும் வெள்ளைக் கலங்கலைக் கொஞ்சநேரம் பார்த்தார். தன் காலுறையைக் குனிந்து சரிசெய்துகொண்டார். "சீக்கிரம்" என்றார்.

ஈரத்துணி சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது மறுபடி துணியாக இருந்தது. காலோடு வந்தது, காலோடு போனது. கிளேபாங்கில் கடற்காற்று புடவையை உலர்த்தியது. திரும்பும் வழியில் அவள் ஆண்களை முந்தவில்லை, பின்தங்கவும் இல்லை.

காஜா பெராங்கில் எண்ணெய்க் கொட்டகை வாசலில் துரை சுப்பையனிடம், "நாளையிலிருந்து தம்பிராஜா இடத்தில் இவள் பேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போனார்.

சுப்பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி, காலையில வந்துரு."

"ஆளுக்கு வருசத்துக்கு ரெண்டு சிலுவார் குடுப்பீங்கள்ல அண்ணே?"

"பொம்பளைக்குச் சிலுவாரா? எங்கே இருக்கு அந்தச் சட்டம்?"

"எண்ணெய் அடிக்கிறவங்களுக்குத்தானே குடுக்கிறீங்க. நான் எண்ணெய்தானே அடிச்சேன். தச்சது எனக்கு ஏறாது, துணியாக் குடுங்க. காக்கி வேணாம், பழைய படுக்கை விரிப்பு ஆஸ்பத்திரியிலேருந்து கழிச்சுப் போடுவாங்களே, அது போதும்."

"எத்தனை கெஜம்?" கேட்டுவிட்டு அவன் மற்றவர்கள் பக்கம் பார்த்து இளித்தான்.

"ரெண்டுக்கும் சேர்த்து ஆறு. கொறைச்சுடாதீங்க, உள்ள வைக்கிற துண்டுக்கும் வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் டின்னைக் கழற்றி, மிச்ச எண்ணெயைப் பீப்பாயில் கவிழ்த்தாள். பின்னால் நின்றவன், "அக்கா, சீக்கிரம், எனக்கும் வீட்டுக்குப் போவணும்" என்றான். நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.