பிறீசர் அறைக்குக் கீழே

லண்டன் டூட்டிங்கில என்ர கடைக்குப் பின்பக்கம் பெரிய பிறீசர் அறை ஒண்டு இருக்கு. மீன், இறால், கணவாய் எல்லாம் அதுக்குள்ளதான். போன மாரியில இருந்து அதின்ர நிலம் எழும்பத் தொடங்கிச்சு. முதல்ல கதவு இறுகிச்சு. பேந்து கொங்கிறீற் வெடிச்சு, சூட்டில உப்பின ரொட்டி மாதிரி நிண்டுது. நான் கீழால ஓடுற ரயிலைத் திட்டினன். மனுசி மங்கை என்னைத் திட்டினா.

பாக்க வந்த கட்டிடக்காரன், அத்திவாரம் பழுதாப் போச்சு, பக்கத்துக் கடைச் சுவரும் இறங்கும், கடையை விட்டிட்டுப் போ எண்டு சொல்லிப்போட்டான். என்ன கோதாரி! என்ர சீவியமே அந்தக் கடைதான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி புனிதா சாப்பிட வந்தவள். அவள் யுனிவர்சிற்றியில வேலை. கனடாவின்ர வட அந்தத்தில வருசம் முழுக்க மண் உறைஞ்சு கிடக்குமாம். எங்க எவ்வளவு ஐஸ் கிடக்கு எண்டு வரைபடம் கீறுறவள். ஐஸ் பாக்க ஏன் அவ்வளவு தூரம் போறாய், இஞ்ச வந்திருந்தா ஒரு பெட்டி தந்திருப்பனே எண்டு நான் எப்பவும் நக்கலடிக்கிறனான்.

அவள் குனிஞ்சு வெடிப்பைப் பாத்திட்டுச் சிரிச்சாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அண்ணை, ரயிலும் இல்லை, ஒண்டும் இல்லை. அறையின்ர குளிர் மண்ணுக்குள்ள இறங்கி, ஈரத்தை இழுத்திழுத்து உறைய வைச்சிருக்கு. அந்த ஐஸ்தான் உப்பி நிலத்தைத் தூக்குது. நான் பிளேன் ஏறிப்போய்ப் பாக்கிறதை நீங்கள் கடைக்குள்ள வளத்து வைச்சிருக்கிறியள்."

குளிரைத் தடுக்கக் கீழ ஏதும் போட்டுத்தான் அறையைக் கட்டினியளோ எண்டு கேட்டாள். நான் கூரையைப் பாத்தன். மங்கை என்னைப் பாத்தா.

ஐஸ் பக்கத்துக் கடைச் சுவருக்குக் கீழயும் போயிருந்தா, அது கரையேக்க சுவரும் சேந்து இறங்குமாம். அப்ப கட்டிடக்காரன் சொன்னதுதான் முடிவு.

அடுத்த நாள் புல்லு வெட்டிற மெசின் மாதிரி ஒண்டைக் கொண்டுவந்தாள். அது நிலத்துக்குள்ள அலை அனுப்பி, உறைஞ்ச மண் எது, ஈரமண் எது எண்டு காட்டுமாம். அரிசி மூட்டையளுக்கு இடையால அதை உருட்டிக்கொண்டு போய், ஐஸ் முடியிற இடத்தில எல்லாம் வெண்கட்டியால புள்ளி வைச்சாள். சாமான் வாங்க வந்த சனம் புதினம் பாத்துது. நான் புள்ளியளை மட்டும்தான் பாத்தன். அதுகள் சுவர்ப் பக்கம் போகப் போக நானும் அவளுக்குப் பின்னால போனன்.

கடைசிப் புள்ளி சுவருக்கு ஒரு முழம் இஞ்சால நிண்டுது. எல்லாத்தையும் சேத்துக் கோடு இழுத்திட்டு அவள் நிமிந்தாள்.

"சுவர் தப்பிச்சுது, அண்ணை. அறையை நிப்பாட்டுங்கோ. மெல்லக் கரையட்டும். பேந்து கீழ குளிருக்குத் தடுப்பு ஒழுங்காப் போட்டுத் திருப்பிக் கட்டலாம்."

சனத்துக்கு முன்னால நான் அழுதிட்டன். பிறகு தேத்தண்ணி குடிக்கேக்க, அங்க கனடாவில ஆருக்கு உந்தக் கோடு கீறுறாய் எண்டு முதல்தரமாக் கேட்டன். ஒரு ஊரில கீழ இருந்த ஐஸ் கரைஞ்சு பள்ளிக்கூடம் சரிஞ்சு போச்சாம். ஐஸ் இல்லாத மேடு ஒண்டை இவள் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கிறாள். வாற கோடையில அங்க புதுசு கட்டப் போயினமாம்.

பிறீசர் அறை இப்ப வெறுமையாக் கிடக்கு. கோட்டைத் துடைக்க மங்கை தும்புத்தடியோட வந்தா, நான் குறுக்க நிக்கிறன். என்ன இது எண்டு கேக்கிற சனத்துக்கெல்லாம், என்ர தங்கச்சி கீறினது எண்டு சொல்லுறன்.