செவ்வாய்க்கிழமைப் பாக்கி

அடக்கத்தின்போது தூவ, வாசனைப் பாண்டான் இலைகளை மெல்லிய இழைகளாக நறுக்கிக்கொண்டிருந்த ஹஸ்னிடா மூன்றாவது முறையாகக் கத்தியை நிறுத்தினாள். அண்ணன் ஃபைருல் சமையலறைக் குளிர்பெட்டியைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான்.

"எங்க அப்பா, மறைந்த டத்தோ மொக்தார், யாருக்காவது ஏதாவது பாக்கி வச்சிருந்தா, வாரிசுங்க எங்ககிட்ட வந்து சொல்லுங்க. யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க." குளிர்பெட்டி மறுப்பேதும் சொல்லவில்லை. "கையை எங்க வச்சுக்கிறது, நிடா?"

"எங்கயாவது வச்சுக்கோ அபாங். 'வாக்காளப் பெருமக்களே'ன்னு மட்டும் ஆரம்பிச்சிடாத."

"எனக்குத் தெரியாதா?"

"போன மாசம் உன் பொண்ணு பிறந்தநாள்ல அப்படித்தான் ஆரம்பிச்ச."

ஃபைருல் கட்சியின் மாவட்ட இளைஞர் தலைவன். மேடையேறாத நாட்களில் அவனுக்கு உடம்பு சரியில்லாதது போல் இருக்கும். அடுத்த அறையில் அப்பாவைக் குளிப்பாட்டி, கற்பூரம் தூவி, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைத் தொழுகை நேரத்தில் உயிர் போனது. மதியத் தொழுகை முடிந்ததும், சூரா என்ற சிறு தொழுகைக்கூடத்தில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை, உடனே அடக்கம். அதற்கு முன் மூத்த மகன் எழுந்து இந்த அறிவிப்பைச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். யாரும் கையைத் தூக்குவதில்லை.

"அப்பாவுக்கு எவன்கிட்டயும் பாக்கி கிடையாது. அந்த இடத்துல கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றான் ஃபைருல்.

அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. ஹஸ்னிடா நாடாளுமன்றத்தில் அவைக்குறிப்பு எழுதுபவள். உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் சொல் மாறாமல் தட்டச்சு செய்வதும், அவர்கள் சிரித்தால் [சிரிப்பு] என்றும் கத்தினால் [கூச்சல்] என்றும் அடைப்புக்குறிக்குள் போடுவதும் அவள் வேலை. அப்பா ஐந்தாண்டுகள் ராணுவத்தைக் கவனிக்கும் தற்காப்புத் துறையில் துணை அமைச்சராக இருந்தபோது அவர் பேச்சையும் அவள்தான் தட்டினாள். அமைச்சர் வெளிநாட்டுக்குப் போவார்; அவையில் எழுந்து திட்டு வாங்குவது துணை அமைச்சர். அந்த ஐந்தாண்டுகளில் அப்பா நானூற்றுப் பன்னிரண்டு முறை பேசினார். அதில் நூற்று அறுபது முறை சொன்னது ஒரே வாக்கியம்: "இதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தருகிறேன்."

அவள் விசைப்பலகையில் அந்த வாக்கியத்துக்கென்று ஒரு விசையை ஒதுக்கியிருந்தாள். ஒரு தட்டு, முழு வாக்கியமும் வந்து விழும். அப்பா எழுந்தாலே பக்கத்து நாற்காலிக்காரி, "உங்கப்பா வந்தாச்சு, அந்த விசையைத் துடைச்சு வை" என்பாள். ஆனால் சொன்ன பதில்களை அப்பா அனுப்பிவிடுவார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். விசாரித்து, எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

*

சூரா, வீட்டிலிருந்து நான்காவது கட்டடம். பின்பக்கம் ஆற்றுமுகம், படகுத்துறை. பெண்கள் பகுதியின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹஸ்னிடாவுக்கு, ஆண்கள் பகுதி திடீரென்று நிரம்பியது ஓசையிலேயே தெரிந்தது. திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். முப்பது பேர் இருக்கும். உப்பு காய்ந்த முகங்கள், கசங்கிய நல்ல சட்டைகள். தெலுக் செரிண்டிட் தீவின் மீனவர்கள். அவர்களுக்கு முன்னால், குட்டையாக, தொப்பியைச் சரிசெய்தபடி ஹாஜி துஸுகி.

துஸுகி அந்தத் தீவின் நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சி; ஊரார் மரியாதையாக அழைப்பது 'ஒய்.பி.', அதாவது மாண்புமிகு. அப்பாவின் பேச்சில் [குறுக்கீடு] என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பெரும்பாலும் இவர்தான்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும் தோக் இமாம். ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. கரையோரமாச் சுத்தி வந்தோம்" என்றார்.

"நேரா வந்தா நாப்பது நிமிஷம்தானே, ஒய்.பி.?"

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார் துஸுகி.

ஹஸ்னிடாவின் விரல் திரையில் நின்றது. இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த அப்பா தினமும் கேட்டது இது ஒன்றைத்தான். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையா?" மூளை தடுமாறுகிறது என்று டாக்டர் சொன்னார். ஆம் என்றால் எழப் பார்ப்பார், இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார் என்பதால், எல்லாரும் எல்லா நாளும் இல்லை என்றே சொல்லி வந்தார்கள்.

மதியத் தொழுகை முடிந்தது. அப்பாவின் பெட்டியை முன்னால் வைத்தார்கள். ஃபைருல் எழுந்தான். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, குளிர்பெட்டியிடம் சொன்னதைவிட நன்றாகவே சொன்னான். பாக்கி என்ற இடத்தில் அழுத்தம் கொடுத்தான்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"எனக்குப் பாக்கி இருக்கு" என்றார் துஸுகி. "ஒரு பதில். ஒன்பது வருஷமா."

ஃபைருல் வாயைத் திறந்தான். பதினைந்து வருடக் கட்சிப் பயிற்சி அவனை முந்திக்கொண்டது.

"மாண்புமிகு உறுப்பினருக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தரப்படும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. மீனவர்களில் ஒருவர் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். இன்னொருவர் இருமி அதை மறைக்க முயன்றார். [சிரிப்பு], என்று ஹஸ்னிடாவின் விரல்கள் தாமாகவே மடியில் தட்டின.

"இதையேதான் உங்கப்பாவும் சொன்னாரு தம்பி" என்றார் துஸுகி. கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்க தீவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவுல மஞ்சள் மிதவை போட்டு வச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமை பீரங்கிப் பயிற்சி, காலையிலிருந்து இருட்டுற வரைக்கும் உள்ள யாரும் வரக்கூடாதுன்னு அறிவிப்பு. வாரத்துல ஒரு நாள் இவங்களுக்குத் தொழில் கிடையாது. சத்தம் கேட்டுச்சுன்னு பாதி ஊர் சொல்லுது. அது இடின்னு மீதி ஊர் சொல்லுது. கல்யாணத்துல பந்தியே ரெண்டா உக்காருது. உள்ள போய்ப் பார்த்தவன் எவனும் இல்ல. 'உண்மையிலேயே இன்னும் சுடுறீங்களா, இல்லையா?' அதான் நான் கேட்ட கேள்வி. எழுத்துப்பூர்வமாத் தர்றேன்னாரு. அடுத்த மாசமே அவை கலைஞ்சிடுச்சு."

அவை கலைந்தால், பதில் வராத கேள்விகளும் அதோடு செத்துப்போகும். அது விதி. அந்தத் தேர்தலில் அப்பாவும் தோற்றுப்போனார்.

தோக் இமாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒய்.பி., பெட்டி வச்சாச்சு. மன்னிச்சு விட்டுடுங்களேன். அவரும் லேசாப் போவாரு."

"என் கேள்வியா இருந்தா எப்பவோ விட்டிருப்பேன். கேள்வி இவங்களோடது." முப்பது பேரையும் காட்டினார். "இவங்களைக் கேளுங்க."

முப்பது பேரும் தரை விரிப்பைப் பார்த்தார்கள். யாரும் விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்பது ஒன்பது வருடத்துக்கு எத்தனை நாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"தோக் இமாம்." திரைக்குப் பின்னாலிருந்து ஹஸ்னிடா சொன்னாள். "பத்து நிமிஷம் கொடுங்க."

"பதில் இருக்காம்மா?"

அவளுக்குத் தெரியாது. ஆனால் நூற்று ஐம்பத்தொன்பது பதில்களை அனுப்பியவர் ஒன்றை மட்டும் மறந்திருப்பார் என்பதை அவள் நம்பத் தயாராக இல்லை.

"இருக்கு" என்றாள்.

"பத்து நிமிஷம். பதினொண்ணு கிடையாது" என்று இமாம் தீர்ப்பளித்தார்.

*

வீட்டில் அப்பாவின் மேசை இழுப்பறைகளில் பழைய அழைப்பிதழ்களும் மூக்குக்கண்ணாடிகளும்தான் கிடந்தன. கோப்பு அலமாரியின் கடைசி அடுக்கை அவள் தரையில் கொட்டியபோது அம்மா வாசலில் வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"என்னத்தத் தேடற?"

"துஸுகி கேட்ட கேள்வி. செவ்வாய்க்கிழமை, சுடுறது..."

"அதுவா?" என்றாள் அம்மா. "அது மீன் பெட்டியில இருக்கும்."

அப்பா ஓய்வுபெற்ற பிறகு தூண்டில் வாங்கினார், சிறிய படகு ஒன்று வாங்கினார், செவ்வாய்க்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போனார். மதியம் மீனோடு திரும்புவார். குடும்பமே அந்த மீனைச் சாப்பிட்டது.

"மீன் பெட்டியிலயா? ஏன்?"

"அவர் எங்க மீன் பிடிச்சாரு? சந்தையில வாங்கிட்டு வருவாரு. செவுளைப் பார்த்தா எனக்குத் தெரியாதா, அது முந்தாநேத்து மீனு."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"ஒருத்தராவது கேட்டீங்களா?"

பின்கட்டில் அந்த நீலப் பெட்டி இருந்தது. திறந்தாள். மீன் வாசமே இல்லை. ஒரு தொலைநோக்கி, ஒரு குடை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பள்ளிக்கூட நோட்டு.

*

ஒன்பதாவது நிமிடத்தில் நோட்டு திரைக்கு அடியில் நழுவி ஃபைருலின் கைக்குப் போனது. அவன் மேடைக் குரலில் படிக்க ஆரம்பித்தான்.

"ஒன்று. செவ்வாய். காலை எட்டு பத்து முதல் ஒன்று ஐந்து வரை. மஞ்சள் மிதவைக்கு உள்ளே. சத்தம் இல்லை." பக்கத்தைப் புரட்டினான். "பதினான்கு. செவ்வாய். ஒரு சத்தம். இடி. வானத்தைப் பார்த்து உறுதி செய்தேன். இருபத்தொன்பது. செவ்வாய். ரோந்துப் படகு வந்தது. மீன் கிடைத்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போய்விட்டார்கள்."

மேடைக் குரல் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அவன் சாதாரணமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய். பத்து இருபது முதல் பத்து நாற்பத்தைந்து வரை தூங்கிவிட்டேன். இன்றைய நாள் கணக்கில் சேராது."

மீனவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. துஸுகி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"அங்கதான் உக்காந்திருந்தாரா?" என்றார். "மிதவைக்கு உள்ளயேவா? சுட்டிருந்தா?"

"சுட்டிருந்தா பதில் அன்னிக்கே கிடைச்சிருக்கும்" என்றார் சிரித்து மாட்டிக்கொண்ட அதே மீனவர்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ஃபைருல் தொண்டையைச் செருமினான். "சபாநாயகர் அவர்களே. மாண்புமிகு தெலுக் செரிண்டிட் உறுப்பினரின் கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில். இருநூறு செவ்வாய்கள் நேரில் பார்த்தேன். சுடுவதில்லை."

"நூத்தி எண்பத்தேழு" என்றாள் ஹஸ்னிடா.

எல்லாத் தலைகளும் திரையை நோக்கித் திரும்பின.

"இருநூறுன்னு பென்சில்ல எழுதி வச்சிருக்காரு, அபாங். இருநூறு ஆனதும் கையெழுத்துப் போட்டு அனுப்பறதுக்கு. கடைசியா எண்ணினது நூத்தி எண்பத்தேழு. அதையே படி."

ஃபைருல் மறுபடி படித்தான். "நூற்று எண்பத்தேழு செவ்வாய்கள் நேரில் பார்த்தேன். சுடுவதில்லை."

துஸுகி முப்பது பேரையும் திரும்பிப் பார்த்தார். முதலில் ஒரு தலை அசைந்தது. பிறகு மற்றவை.

"பாக்கி தீர்ந்ததா?" என்றார் இமாம்.

"தீர்ந்தது" என்றார் துஸுகி. "நோட்டை மட்டும் எங்களுக்குக் கொடுத்துடுங்க. ஊர்ல பந்தியைச் சேர்த்து வைக்கணும்."

தொழுகை முடிந்ததும் இமாம் வழக்கப்படி கேட்டார். "இவர் எப்படிப்பட்டவர்?"

"நல்லவர்" என்றது சூரா. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னார்கள். மூன்றிலும் துஸுகியின் குரல்தான் உரக்கக் கேட்டது. அவையில் குரல் வாக்கெடுப்பு என்றால் அப்பாவுக்கு எதிராக அதே உரப்பில் கத்துபவர் அவர். அந்தக் குரலில் இப்படி ஒரு ஆமோதிப்பை ஹஸ்னிடா தட்டச்சு செய்ததே இல்லை.

*

மையவாடி, ஆற்றுமுகத்துக்கு மேலே மேட்டில் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடி, பன்னீர் ஊற்றி, ஹஸ்னிடா நறுக்கிய பாண்டான் இலைகளைத் தூவினார்கள். கூட்டம் கலைந்தது. துஸுகி போகும் வழியில் அவள் பக்கத்தில் நின்றார். நோட்டு சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது.

"நேராத்தான் போறோம்" என்றார். "முதல் படகு என்னோடது."

"பதிமூணு குறையுது, ஹாஜி."

"பரவாயில்ல. சுட்டாங்கன்னா, நேர்ல போய் உங்கப்பாகிட்டயே துணைக் கேள்வி கேட்டுக்கறேன்."

அவர் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் படகுத்துறையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. ஃபைருல் வேட்டிபோல் கட்டியிருந்த சாரோங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி அவள் பக்கத்தில் வந்து நின்றான். எதுவும் சொல்லவில்லை. அவனால் அது முடியும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

ஆற்றுமுகத்தைத் தாண்டியதும் படகுகள் கொஞ்சம் தயங்கின. வழக்கமாக இடப்புறம் திரும்பிக் கரையை ஒட்டிப் போகும் இடம் அது. முதல் படகு திரும்பவில்லை. அதன் பின்னால் இரண்டாவது, மூன்றாவது. மஞ்சள் மிதவை அலையில் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

ஹஸ்னிடா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. காதோரம் முக்காட்டை விலக்கிக்கொண்டு நின்றாள். கடைசிப் படகும் கண்ணுக்கு மறையும்வரை கேட்டாள். பிறகு, பாண்டான் இலை கொண்டுவந்திருந்த காகிதப் பையைக் கிழித்து, பின்பக்கத்தில் எண் போட்டு எழுதினாள்.

நூற்று எண்பத்தெட்டு. செவ்வாய். சத்தம் இல்லை.