சிரிப்புச் சத்தம் கேட்கும் அறை

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று வேதியியல் பேராசிரியர் சௌந்தரராஜன் ரொம்ப காலமாக நம்பிவந்தார். காளிகாட் மெட்ரோவில் இறங்கி, நம் ஊர் சமோசாவுக்கு வங்காள அண்ணனான சிங்காரா ஒரு பொட்டலம் மாணவர்களுக்காக வாங்கிக்கொண்டுதான் கல்லூரிக்குள் நுழைவார். அவர் அறையில் எப்போதும் கூட்டம், எப்போதும் சிரிப்பு.

2003-இல் புள்ளியியலுக்கு ஷியாமளா வந்தாள். லேக் கார்டன்ஸில் இவருக்கு அடுத்த தெரு, மகள் வயது. வந்ததும் முதல் தேர்வு மார்க்கையும் வருகைப்பதிவையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்து, வழுக்குகிறவர்களை ஆள் அனுப்பிக் கூப்பிட ஆரம்பித்தாள். புதிதாக வரப்போகும் ஆலோசனைப் பிரிவின் தலைமை உங்கள் இருவரில் ஒருவருக்கு என்று பிரின்சிபால் சொன்னபோது, சௌந்தரராஜன் முதல்முறையாக அவளைப் போட்டிக்காரியாகப் பார்த்தார்.

பூஜை விடுமுறைக்கு முன் மாணவர்களே ஆலோசகர்களுக்கு ஐந்துக்கு மதிப்பெண் போட்டார்கள். அதுவும் அவள் யோசனைதான். அன்று அவர் இரண்டு பொட்டலம் வாங்கினார். தற்செயலாக.

அவருக்கு ஐந்து. அவளுக்கு மூன்று. ஆறுதல் சொல்லும் முகத்தைக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு அவள் அறைக்குப் போனார்.

"மூணு ஒண்ணும் மோசமில்லம்மா. போகப்போக ஏறும்."

"ஆனர்ஸை விட்டுட்டு சாதா டிகிரிக்கு மாறுன்னு சொன்னா யார் சார் அஞ்சு போடுவாங்க?" அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதப் பாருங்க. உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் நல்லாப் படிக்கிறவங்க. முதல் தேர்வுல விழுந்தவங்க ஒருத்தர்கூட வரலை."

"என்னைப் பிடிக்காதா அவங்களுக்கு?"

"பிடிக்கும். வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டோம்னு சொல்றாங்க. உள்ள ஒரே சிரிப்பா இருக்காம். ஃபெயிலானவன் அதுக்கு நடுவுல எப்படி சார் வருவான்?"

பதிலுக்கு அவருக்கு ஒரு ஜோக் தோன்றியது. அதை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"யாராவது ஒருத்தன் பேரு சொல்லு."

"துலால். உங்க டிபார்ட்மெண்ட்தான். கிடர்பூர்லேர்ந்து வர்றான்."

தலைமையை அவளுக்கே கொடுங்கள் என்று பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லிவிட்டார். தாராளம் பாதி, தானே முந்திக்கொண்டால் தோற்ற மாதிரி தெரியாது என்ற கணக்குப் பாதி. திரும்பி வரும்போது அவள் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவன் கையிலும் சிங்காரா இல்லை. அதுதான் அதிகமாக எரிந்தது.

மறுநாள் தன் அறையைப் பூட்டிவிட்டு மாடிப்படியில் துலாலின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் சிங்காரா இல்லை, வாயில் ஜோக் இல்லை. அவருக்கு இது புது அனுபவம்.

தன் செருப்புக் காலையே பார்த்துக்கொண்டிருந்த பையன் வங்காள மொழியில் சொன்னான்: "கெமிஸ்ட்ரில எட்டு மார்க் சார். என் செருப்பு சைஸும் எட்டுதான். அளவெடுத்த மாதிரி இருக்கு."

இவ்வளவு நல்ல ஜோக் தனக்கு ஒருநாளும் வந்ததில்லையே என்று சௌந்தரராஜனுக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்காமல், அவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.