பின்கதவால் வந்த பாட்டுக்காரர்

குப்பைத் தொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்த யோகராணிக்கு, மண்டபத்தின் பின்கதவில் நின்ற நான்கு கறுப்பினக் கிழவர்களைக் கண்டதும் நிம்மதியாயிற்று. துப்புரவுக்கு ஆள் அனுப்புவதாகக் கடுக்காய் கொடுத்துவந்த கொம்பனி, ஒருவழியாக அனுப்பிவிட்டது. பரிஸின் இந்த லா சப்பல் பகுதியில் பின்கதவால் வருகிறவர்கள் வேலைக்காரர்கள்தானே. ஆளுக்கொரு தும்புத்தடியை நீட்டினாள். நெட்டையானவர் சிரித்தபடி வாங்கி, மேடையை மூலைமுடுக்கெல்லாம் கூட்டினார். பழகிய கை.

ஒலி பார்க்கிற லவன் வந்ததும் தலையில் கை வைத்தான்.

"யோகராணி அக்கா, இவைதான் இண்டைக்குப் பாட வந்த ஆக்கள்! அமெரிக்காவிலை இருந்து!"

"ஐயோ! பின்னை ஏன் குப்பை வழியாலை வந்தவை?"

லவன் அவர்களிடம் கேட்டுச் சொன்னான். அலபாமாவில் ஒரு சின்ன ஊர். பகலில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறில் சோல் என்கிற அவர்களுடைய பாட்டு. சுற்றுவட்டாரத்தில் இவர்கள் பாடாத கலியாணமில்லை. அதற்கப்பால் ஒருவருக்கும் பெயர் தெரியாது. இளமையில் வெள்ளைக்காரர் மண்டபங்களுக்குள் இவர்களைச் சமையல் நடக்கும் குசினியின் கதவால்தான் நுழைய விட்டார்கள். கால்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. இவர்களின் பழைய இசைத்தட்டு ஒன்று யாரோ பிரெஞ்சுக்காரன் கையில் அகப்பட்டதால், எண்பதை நெருங்கும்போது பரிஸ் கூப்பிட்டிருக்கிறது.

"இந்த ரோமன் ஐயாவின்ரை அம்மா இவர் பாடுறதை ஒருநாளும் உள்ளுக்கை இருந்து கேட்டதில்லையாம். குசினி வாசல்லை நிண்டுதான் கேட்டவவாம்," என்று நெட்டையானவரைக் காட்டினான்.

ஒத்திகையில் ரோமன் வாய் திறந்தார். அப்பப்பா, என்ன குரல்! யோகராணிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கண் நிறைந்தது. வந்த நாள் முதல் இந்த மண்டபத்தைத் துடைக்கிறாள். ஒரு கச்சேரியையும் இருந்து கேட்டதில்லை. அவர் பாட்டை நிறுத்தி முன்வரிசைக் கதிரை ஒன்றைக் காட்டினார்.

"கச்சேரிக்கு நீங்கள் அதிலை இருக்கவேணுமாம், அக்கா," என்றான் லவன்.

"ஓம், இருக்கிறன் எண்டு சொல்லு."

வேலை முடிந்ததும் தலை சீவி, சீருடைக்கு மேல் நல்ல சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தாள். மண்டபம் நிறையத் தொடங்கியது. மேலாளர் தியரி, புதுச்சேரிக்காரர், ஓடிவந்தார்.

"என்னம்மா இது? ரெக்லமான், இங்க உள்ள விதி, தெரியாதா? வேலை முடிஞ்சா வெளிய போய்டணும்."

"அந்த ஐயாதான் இருக்கச் சொன்னவர்."

"அவர் பாடிட்டுப் போய்டுவாரு. பதில் சொல்றது நான்தானே?"

யோகராணி எழுந்தாள். மேடையோரத்தில் நின்ற ரோமன் எல்லாவற்றையும் பார்த்தார். அவள் பின்னாலேயே நடந்து வந்து, அவள் வெளியே போனதும் சாத்தப்போன பின்கதவின் இடுக்கில், அது மூடாதபடி அவளுடைய வாளியை வைத்துவிட்டு மேடைக்குத் திரும்பினார்.

உள்ளே கைதட்டல் எழுந்தது. யோகராணி குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்று கேட்டாள்.